கேரவன் எப்போது பெரிய வண்டி ஆகிறது? ஏற்காட்டுச் சாலையை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஏற்காடு அடிவாரத்தில், மலை ஏறுவதற்கு முன் வண்டியை ஓரம் கட்டித் தேநீர் குடிக்கும் இடங்களில், ஒரு கேள்வி இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழுகிறது. "கேரவன்ல மேலே போக முடியுங்களாண்ணா?" என்று ஒருவர் கேட்பார். "பஸ்ஸே போகுது, கேரவன் போகாதா?" என்று ஒருவர் சொல்வார், "அவ்வளவு பெரிய வண்டி கொண்டை ஊசியில எப்படிங்க திரும்பும்?" என்று இன்னொருவர் மறுப்பார். நின்று கேட்டால், இருவரும் இரண்டு வேறு வண்டிகளை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்பது புரியும். போகும் என்றவர் நினைத்தது படுக்கை போட்டு மாற்றிய ஒரு டெம்போ டிராவலரை. மறுத்தவர் நினைத்தது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் நீண்ட வண்டியை.

குடும்பத்தோடு வாடகைக்கு எடுக்கவோ, பழைய வேனை வாங்கி உள்ளே வீடுபோல் அமைத்துக்கொள்ளவோ நினைப்பவர்கள் இந்தக் குழப்பத்தோடு இறங்கினால், அதன் விலை பணத்தோடு நிற்காது என்பதால்தான் இதை எழுதுகிறேன். எது பெரிய வண்டி, அது ஏன் காரைப்போல நடந்துகொள்வதில்லை என்ற இரண்டையும், வாகனம் பற்றி எதுவும் அறியாதவருக்கும் விளங்கும்படி, சேலத்துக்காரர்களுக்குப் பழகிய சாலைகளை வைத்தே சொல்லப் பார்க்கிறேன்.

ஒரே சொல்லுக்குள் பல வண்டிகள்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் பெரும்பாலோருக்குத் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அது ஓரிடத்தில் நிறுத்தி, ஜெனரேட்டர் இணைத்து, ஒப்பனை அறையாகப் பயன்படுத்துவதற்குக் கட்டப்படுவது. குடும்பம் உள்ளே உட்கார்ந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும் வண்டியின் தேவைகள் வேறு.

அமெரிக்கா போன்ற நாடுகளில் இத்தகைய பயண வண்டிகளுக்கு ரிக்ரியேஷனல் வெஹிக்கிள் என்று பொதுப்பெயர், சுருக்கமாக ஆர்.வி. என்பார்கள். உறங்குவதற்கும் சமைப்பதற்கும் உரிய ஏற்பாடுகள் வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பதே இதன் அடையாளம். படுக்கை மட்டும் உள்ள ஆம்னி பேருந்து இதில் சேராது. இந்தியாவில் இவ்வகை வண்டியை மோட்டார் கேரவன் என்று குறிப்பிட்டு, அதற்கென ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி இருக்கிறது.

தானே ஓடும் வண்டிகளை அமெரிக்காவில் மூன்று எழுத்துகளால் வகுத்திருக்கிறார்கள். ஏ என்பது பேருந்துக்கோ லாரிக்கோ உரிய வெறும் சேஸிஸின்மேல், அதாவது சக்கரமும் எஞ்சினும் பொருத்திய அடிச்சட்டத்தின்மேல், முழு உடலையும் புதிதாகக் கட்டியது. நாமக்கல்லில் பேருந்துக்குப் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பி என்பது ஆலையிலிருந்து வந்த வேனின் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் மாற்றி அமைத்தது. சி என்பது ஓட்டுநர் அறையை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் பின்னால் அகலமான பெட்டி ஒன்றைக் கட்டி, பெரும்பாலும் ஓட்டுநர் தலைக்கு மேலேயும் ஒரு படுக்கை அமைத்தது. எழுத்து வரிசை அளவு வரிசை அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். பொதுவாக ஏ பெரியது, சி நடுத்தரமானது, பி சிறியது. இந்த மூன்றும் போக, எஞ்சின் இல்லாமல் வேறொரு வண்டியால் இழுக்கப்படும் பெட்டி வண்டிகள் தனிக் குடும்பம். பிரிட்டனில் கேரவன் என்றால் இந்த இழுவை வண்டியைத்தான் சொல்கிறார்கள்.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: கேரவன் போகுமா என்ற கேள்விக்கு முன்னால், எந்தக் கேரவன் என்ற கேள்வி நிற்கிறது. இனிமேல் தானே ஓடும் வண்டியை மோட்டார் ஹோம் என்றே குறிப்பிடுகிறேன்.

பெரியது என்பதை எதைக்கொண்டு அளப்பது

பார்ப்பவர் கண் முதலில் நீளத்தைத்தான் அளக்கிறது. சட்டம் எடையைத்தான் முதலில் கேட்கிறது. நம்முடைய மோட்டார் வாகனச் சட்டத்தில் இலகு ரக வாகனத்தின் எல்லை 7,500 கிலோ. பயணிகள் வண்டி கனரகம் ஆவது 12,000 கிலோவைத் தாண்டும்போது. ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தின் வழக்கமான எல்லை 3,500 கிலோ. அமெரிக்காவில் 26,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 11,800 கிலோவுக்கு மேல் வணிக ஓட்டுநர் உரிமம் தேவை. ஆனால் சொந்தப் பயணத்துக்கான மோட்டார் ஹோமுக்குப் பெரும்பாலான மாநிலங்கள் அங்கே விலக்கு அளித்துவிடுகின்றன. பேருந்தளவு வண்டியைக் கார் மட்டுமே ஓட்டிப் பழகியவர் ஓட்டும் நிலை அதனால் உண்டாகிறது. இந்த விலக்கு சரியானது என்று எனக்குத் தோன்றவில்லை. வண்டியின் பயன் மாறினாலும் அதன் எடை மாறுவதில்லை அல்லவா.

எடை என்பதிலும் மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொருளும் ஆளும் ஏறாத நிலையில் உள்ளது வெற்று எடை. வண்டி பாதுகாப்பாகத் தாங்கலாம் என்று தயாரிப்பாளர் வரையறுத்திருக்கும் உச்ச அளவு மொத்த எடை. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சுமைத்திறன். வேனை வீடாக மாற்றுகிறவர்கள் இந்த மூன்றாவதைத்தான் அறியாமல் தின்றுவிடுகிறார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை, எட்டுக்கு நான்கு அடி அளவில், ஒரு தாள் சுமார் 35 கிலோ வரும். பத்துத் தாள் போட்டால் 350 கிலோ. 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அப்படியே 200 கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் பெரிய பேட்டரி இரண்டு வைத்தால் நூறு கிலோவைத் தாண்டும். ஆறு பேரும் அவர்களுடைய பைகளும் 400 கிலோ. ஏ.சி., குளிர்பெட்டி, மெத்தை, பாத்திரம் எதையும் சேர்க்காமலே ஒரு டன் கூடிவிட்டது. வண்டி வெளியிலிருந்து பார்க்க அதே பழைய வேனாகத்தான் இருக்கும்.

ஆகவே உள்வேலை முடிந்ததும் முதல் வேலையாக வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோக வேண்டும். சேலத்தைச் சுற்றி லாரிகள் வந்து போகும் எந்தச் சாலையிலும் ஓர் எடைமேடை இருக்கும். முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு வாங்கிய பிறகு, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு சீட்டு வாங்குங்கள். ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனியே எடை எல்லை உண்டு. மொத்தம் எல்லைக்குள் இருந்தும், தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் அலமாரியும் பின்பக்கமே குவிந்ததால் பின் அச்சு எல்லை மீறி நிற்பது, முதல் முறை பாடி மாற்றுகிறவர்களுக்கு எளிதில் நேரக்கூடிய தவறு.

எடைக்கு அடுத்து மூன்று அளவுகள் முக்கியம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் அச்சிடைத் தூரம். ஓட்டுநர்கள் வீல்பேஸ் என்பார்கள். பின் அச்சைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் பகுதி பின்தொங்கல். மூன்றாவது உயரம். வண்டி சாலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இந்த நான்கும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மொத்த நீளம் என்ற ஒற்றை எண்ணிலிருந்து அது தெரியாது.

தெரு முனையில் நட்ட கல்

பழைய ஊர்த் தெருக்களில் முனை வீட்டுச் சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி திரும்பும்போது சக்கரம் சுவரைப் பெயர்த்துவிடாமல் இருக்க அது நடப்பட்டது. மாடுகள் தெருவின் நடுவாகத்தான் சரியாகத் திரும்பியிருக்கும். ஆனால் பின்னால் வரும் சக்கரம் மாடுகள் போன வழியில் வராமல், முனையை ஒட்டிக் குறுக்கே வெட்டி வரும். இரண்டு பேர் நீளமான ஏணியைச் சுமந்துகொண்டு சந்தில் திரும்பும்போதும் இதுவே நடக்கிறது. முன்னால் இருப்பவர் தாராளமாக அகன்று திரும்ப, பின்னால் இருப்பவர் சுவரில் தோள் உரச வருவார்.

திசை திரும்பக்கூடிய சக்கரங்கள் முன்னால் மட்டும் இருக்கும் எந்த வண்டிக்கும் இது பொது. பின்சக்கரம் உட்பக்கமாக வெட்டும் இந்த அளவை உள்வெட்டு என்று சொல்லிக்கொள்வோம். அச்சிடைத் தூரம் கூடக் கூட உள்வெட்டும் கூடும். அதுவும் சீராகக் கூடாமல் வேகமாகக் கூடும்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரங்களின் நடுப்புள்ளி 12 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது என்று கொள்வோம். அச்சிடைத் தூரம் 2.5 மீட்டர் உள்ள காரின் பின்சக்கரங்கள் அந்தத் தடத்திலிருந்து கால் மீட்டர் அளவுக்குத்தான் உள்ளே வெட்டும். ஓட்டுகிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அச்சிடைத் தூரம் 6 மீட்டர் உள்ள பேருந்தளவு மோட்டார் ஹோமின் பின்சக்கரங்களோ 1.6 மீட்டர் உள்ளே வந்துவிடும். அச்சிடைத் தூரம் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடியபோது, உள்வெட்டு ஆறு மடங்கு ஆகிவிட்டது.

சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக ஏற்காடு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் இறங்கிக் கைப்பிடிச் சுவரோரம் பத்திரமாக நின்றுகொண்டு, ஒரு பேருந்து மேலே ஏறுவதைப் பாருங்கள். வளைவு கண்ணில் பட்டதுமே ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடிப்பதில்லை. முன்சக்கரம் வெளிவிளிம்பை நெருங்கும்வரை வண்டியை நேரே விடுகிறார். அவர் உட்கார்ந்திருக்கும் இடமே சாலையின் விளிம்புக்கு வந்துவிட்டதுபோலத் தோன்றும் கணத்தில்தான் முழுதாக ஒடிக்கிறார். அப்போதும் அவர் கண் முன்னால் இல்லை. உட்பக்கக் கண்ணாடியில், பின்சக்கரத்தின்மேல் இருக்கிறது. அந்தச் சக்கரம் உள்விளிம்பின் வடிகாலை ஒட்டி, சில நேரம் ஒரு சாண் இடைவெளியில், சருகுகளை நசுக்கிக்கொண்டு மெல்ல உருண்டு போகும். அந்த ஒரு சாண், பல ஆண்டுப் பழக்கத்தில் அவருக்குக் கைவந்தது. முதல் முறை பெரிய மோட்டார் ஹோமை எடுத்தவர், காரில் திரும்புவதுபோல வளைவின் தொடக்கத்திலேயே ஒடித்தால், முன்பகுதி அழகாகத் திரும்பிவிடும். பின்சக்கரம் வடிகாலுக்குள் இறங்கிவிடும்.

நாம் இடப்பக்கமாக ஓட்டுவதால், இடது கொண்டை ஊசிதான் நமக்கு மிக இறுக்கமான வளைவு. நம் தடம் உள்விளிம்பை ஒட்டியே இருப்பதால், நீண்ட வண்டி எதிர்த்தடத்தை எடுத்துக்கொள்ளாமல் திரும்பவே முடியாது. எதிரே வருகிறவர் இதை அறியாமல் வளைவுக்குள் நுழைந்துவிட்டால் இருவரும் நிற்க வேண்டியதுதான். மலைச்சாலையில் இடம் போதாத இடங்களில் இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதி சொல்கிறது. பாரத்தோடு ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் நகர்த்துவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள் வகுத்த விதி அது.

பின்பக்கம் வெளியே வீசுவது

உள்வெட்டைப் புரிந்துகொண்டவர்களும் மறந்துவிடுவது பின்தொங்கலை. பின்சக்கரம் உட்பக்கம் வெட்டும் அதே நேரத்தில், அதற்குப் பின்னால் நீண்டிருக்கும் உடல் எதிர்ப்பக்கம் வெளியே வீசும். கதவைத் திறக்கும்போது கைப்பிடி உங்கள் பக்கம் வர, கீலுக்கு அப்பால் ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அது சுவரின் பக்கம் போகும் அல்லவா, அதைப் போல.

மேலே சொன்ன அதே வண்டிக்கு மூன்றரை மீட்டர் பின்தொங்கலும் இரண்டரை மீட்டர் அகலமும் இருந்தால், அதன் பின்மூலை வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் தடத்தைத் தாண்டி அரை மீட்டர் வெளியே வீசும். அந்த அரை மீட்டரில் ஒரு இருசக்கர வண்டிக்காரர் ஒதுங்கி நின்றிருக்கலாம். பெட்ரோல் பங்கில் பம்பை ஒட்டி நிறுத்திவிட்டு, புறப்படும்போது உடனே எதிர்ப்பக்கம் ஒடித்தால் பின்மூலை பம்பைத் தட்டுவதும் இதனால்தான். நேராகச் சிறிது தூரம் விட்டுப் பிறகு ஒடிப்பதே ஒரே வழி.

நீளம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு வண்டிகளில், ஒன்றுக்கு அச்சிடைத் தூரம் நீளமாகவும் மற்றதற்குப் பின்தொங்கல் நீளமாகவும் இருக்கலாம். முதலாவது நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும், இறுக்கமான வளைவில் அடம்பிடிக்கும். இரண்டாவது வளைவில் திரும்பிவிடும், ஆனால் நெடுஞ்சாலையில் வால் ஆட்டும். குறைந்த விலைக் குட்டை சேஸிஸின்மேல் நீளமான பெட்டியைக் கட்டியிருந்தால் இந்த இரண்டாவது குறை பெரிதாகவே தெரியும்.

இறக்கமும் வெப்பமும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏற முடியாவிட்டால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது நிற்காமல் போவதுதான் உயிரை வாங்குகிறது.

உயரத்தில் இருக்கும் எடை ஒவ்வொன்றிலும் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. மொட்டை மாடித் தொட்டியிலிருக்கும் தண்ணீர் குழாயைத் திறந்ததும் வேகமாக வருவது அதனால்தான். வண்டி மலையிறங்கும்போது அந்த ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். அது வண்டியின் வேகமாக மாறலாம், அதை விடக்கூடாது என்று பிரேக்கை மிதித்தால் வெப்பமாக மாறும். மூன்றாவது வழி எஞ்சின். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. மலைச்சாலையின் இறக்கத்தை 1,000 மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 12 டன் வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல், 400 லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமானது. இரண்டு பெரிய டிரம் நிறையத் தண்ணீரை அடுப்பேற்றிக் கொதிக்கவைப்பதை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். 1.2 டன் கார் இறங்கினால் 40 லிட்டர் கொதிக்கும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், இந்த வெப்பத்தில் பெரும்பகுதியை நான்கோ ஆறோ சக்கரங்களின் பிரேக் டிரம்களும் (சக்கரத்தோடு சுழலும் இரும்பு உருளைகள்), அவற்றை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் லைனிங்குகளுமே விழுங்க வேண்டும்.

விழுங்க முடியாத நிலை வரும்போது நடப்பதற்குப் பிரேக் தளர்ச்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம். சூட்டில் டிரம் விரிந்து லைனிங்கிலிருந்து விலகும். லைனிங் பொருளின் பிடிப்பும் குறையும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்காக இருந்தால் அந்த எண்ணெயே கொதித்து ஆவிக் குமிழி உண்டாகி, மிதி பஞ்சுபோலக் கீழே போகும். பிரேக் அறுந்துவிட்டது, பிரேக் பிடிக்கவில்லை என்று விபத்துக்குப் பிறகு சொல்கிறார்கள். பல நேரங்களில் எதுவும் அறுந்திருக்காது. ஆறியபின் சோதித்தால் அதே பிரேக் நன்றாகவே பிடிக்கும். மலையிறங்கி அடிவாரத்தில் நிற்கும் வண்டிகளின் சக்கரத்தருகே கருகிய வாடை அடித்தால், அது எல்லைக்கு அருகே போய் வந்த வண்டி என்று அறிந்துகொள்ளலாம்.

இனி எஞ்சின். தாழ்ந்த கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்கள் எஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கும். அந்த உழைப்பு வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். இது எஞ்சின் பிடிமானம். ஏறிய கியரிலேயே இறங்கு என்று லாரி ஓட்டுநர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். டீசல் எஞ்சினில் இந்தப் பிடிமானம் இயல்பாகக் குறைவு என்பதால், பெரிய வண்டிகளில் புகை வெளியேறும் வழியை ஒரு தட்டால் அடைத்து எஞ்சினை மேலும் திணற வைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கும். வாடகைக்கு எடுக்கும் வண்டியில் அது இருக்கிறதா, எந்தப் பொத்தான் என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தாலும் அதன் போக்கிலேயே விடாமல், தாழ்ந்த கியரில் கையால் நிறுத்திவைக்க வேண்டும்.

கியரைத் தேர்ந்தெடுப்பது இறக்கம் தொடங்கும் முன்பே நடக்க வேண்டும். வேகம் பிடித்த கனமான வண்டியில் நடுவழியில் கீழ்க்கியருக்கு மாற்ற முயன்றால், கியர் விழாமல் நியூட்ரலிலேயே நின்றுவிடக்கூடும். பிறகு பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. உறுதியாக மிதித்து வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, காலை முழுதாக எடுத்து, மறுபடியும் வேகம் ஏறியதும் மீண்டும் மிதிக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் காற்று டிரம்மை ஆற்றும்.

எஞ்சின் பிடிமானமே இல்லாமல் நியூட்ரலில் இறங்குவதைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூருச் சாலையில் தருமபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கி வரும் தொப்பூர் இறக்கத்தில் கனரக வண்டிகள் முன்னால் போன கார்களின்மேல் ஏறிய செய்திகளை நாம் ஒவ்வோர் ஆண்டும் படிக்கிறோம். அங்கே கொண்டை ஊசிகள் இல்லை; சாலை அகலமானது. எடையும் இறக்கமும் பிரேக் சூடும் சேர்ந்தால் அகலமான சாலையும் காப்பாற்றாது.

சுருங்கச் சொன்னால், இறக்கத்தில் வேகத்தைப் பிடித்துவைப்பது எஞ்சினின் வேலை, அவ்வப்போது திருத்துவது மட்டுமே பிரேக்கின் வேலை. கனம் கூடக் கூட இந்தப் பங்கீடு கட்டாயமாகிறது.

உயரம், தளும்பல், காற்று

வைக்கோல் பாரம் ஏற்றிய லாரியையும் இரும்புக் கம்பி ஏற்றிய லாரியையும் ஒரே வளைவில் பார்த்தவர்களுக்கு எடை மையம் என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டாம். கம்பி கனமானது, ஆனால் தளத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. வைக்கோல் இலேசானது, ஆனால் வானளாவ நிற்கிறது. வளைவில் சாய்வது அதுதான். வண்டியின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால், அந்தப் புள்ளியே எடை மையம். அது உயர உயர, வண்டி கவிழ்வதற்குத் தேவையான தள்ளுதல் குறையும். மோட்டார் ஹோமின் மேற்கூரையில் ஏ.சி.யும் சூரியத் தகடுகளும் பெட்டிகளும் ஏற்றுவது, காரின் மேல் வைக்கோல் கட்டுவதைப் போலத்தான்.

தள்ளுதலின் அளவு வேகத்தைப் பொறுத்தது. முன்பு சொன்ன 12 மீட்டர் ஆர வளைவில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், வண்டியின் எடையில் ஏழில் ஒரு பங்கு விசை அதை வெளியே தள்ளும். 30 கிலோமீட்டரில் அது நான்கு மடங்காகி, எடையில் பாதிக்கு மேல் போய்விடும். உயரமும் பாரமும் கூடிய வண்டிகள் பல அந்த அளவுக்கு முன்பே ஒரு பக்கச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிடும். காரில் 30 என்பது ஊர்ந்து போவதாகத் தெரியும், இங்கே அப்படியில்லை.

குறைகுடம் தளும்பும் என்பது தொட்டிக்கும் பொருந்தும். பாதி நிரம்பிய தண்ணீர்த் தொட்டியில், வண்டி இடப்பக்கம் திரும்பும்போது தண்ணீர் வலப்பக்கம் ஓடி, சாயும் பக்கத்துக்கே எடை சேர்க்கும். மலையேறும் முன் தொட்டி நிறைந்திருக்கட்டும், அல்லது காலியாக இருக்கட்டும். எடை கருதி, காலியாக ஏறி மேலே நிரப்பிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

சமவெளி நெடுஞ்சாலையில் உயரத்தின் தொல்லை காற்றாக வரும். 9 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள பக்கச் சுவரின்மேல், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வீசும் காற்று சுமார் 140 கிலோ அழுத்தத்தைப் போடும். காற்று இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. ஒரு பெரிய கன்டெய்னர் லாரி முந்திச் செல்லும்போது முதலில் அது உங்களை ஓரத்துக்குத் தள்ளும், பிறகு தன் பக்கம் இழுக்கும். புதியவர்கள் அதிர்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிவிடுகிறார்கள். இரு கையாலும் நிதானமாகப் பிடித்துக்கொண்டு, சிறிய திருத்தம் மட்டும் செய்தால் போதும்.

இழுத்துச் செல்லும் வண்டி

இந்த வகை நம்மூரில் அரிது என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றத் தெரிந்தவர், முன்பாரமும் பின்பாரமும் பார்த்துத்தான் ஏற்றுவார். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் கூடினால் கழுத்து நசுங்கும். இழுவைக் கேரவனிலும் இதே கணக்குத்தான். அமெரிக்கப் பரிந்துரைப்படி அதன் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு இணைப்புக் கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். அது மிகவும் குறைந்தால், வேகத்தில் பின்வண்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கி, ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். பின்னோக்கி ஓட்டும்போது ஸ்டியரிங்கைத் திருப்பும் திசைக்கு எதிர்த்திசையில் அது போகும் என்பதும் சேர்ந்துகொள்ள, கொண்டை ஊசியில் எதிரே பேருந்து வந்து பின்னால் நகர வேண்டிய நிலையை நினைத்துப் பார்த்தால், மலைச்சாலைக்கு இதைத் தவிர்க்கச் சொல்வேன்.

ஏற்காட்டுக்கு எதில் போகலாம்

இப்போது அடிவாரத்துக் கேள்விக்கு வரலாம். வேனின் கூட்டை மாற்றாமல் உள்ளே மட்டும் அமைத்த சிறிய வகை, மொத்த எடை எல்லைக்குள் இருந்தால், மலைச்சாலையில் வேன் ஓட்டிப் பழகியவர் கையில் தாராளமாகப் போகும். பெட்டி கட்டிய நடுத்தர வகை போகும். ஆனால் அதன் அகலத்தையும் பின்தொங்கலையும் சமவெளியில், காலியான மைதானம் ஒன்றில், நாலைந்து முறை திரும்பிப் பார்த்துப் பழகிய பிறகே எடுக்க வேண்டும்.

பேருந்தளவு மோட்டார் ஹோமைப் பொறுத்தவரை, பேருந்தே போகிறது என்ற வாதம் பாதிதான் சரி. மலைப்பாதைக்கென்று ஓடும் பேருந்துகள் பல, சமவெளிப் பேருந்தைவிடக் குட்டையான சேஸிஸில் கட்டப்பட்டவை. அவற்றை ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு வளைவின் உள்விளிம்பையும் மனப்பாடமாக அறிந்தவர்கள். நடத்துநர் பின்னாலிருந்து விசில் கொடுக்கிறார். முதல் முறை வரும் குடும்பத்துக்கு இவற்றில் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட வண்டியைச் சேலத்திலேயே பாதுகாப்பாக நிறுத்திவிட்டு, பேருந்திலோ காரிலோ மேலே போய் வருவதுதான் என் கருத்து. எடுத்தே தீர வேண்டுமென்றால், வாரநாளில், பகல் வெளிச்சத்தில், மலைச்சாலை தெரிந்த கனரக ஓட்டுநரோடு எடுங்கள். கோடை விழா நாட்களில் வேண்டாம்.

பெரிய வண்டியில் இறங்குகிறவர்களுக்குச் செய்முறையாக இன்னொன்று. அடிவாரத்தை நெருங்கியதும் வீட்டுக்கு வந்துவிட்ட நிம்மதியில் நேராகக் கோரிமேடு நோக்கிப் போய்விடாமல், அகலமான இடம் பார்த்து அரை மணி நேரம் நிறுத்துங்கள். கைப்பிரேக்கை இறுக்கிப் போடுவதைவிட, கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பது நல்லது. சூடான டிரம்மை இறுக்கிப் பிடித்து ஆறவிட்டால் அது கோணும். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் அருகேயும், தொடாமல், புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லாச் சக்கரங்களும் ஒரே அளவு சுட்டால் சரி. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால், அந்தச் சக்கரம்தான் மற்றவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டு வந்திருக்கிறது. அடுத்த பயணத்துக்கு முன் மெக்கானிக்கிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.